அழுகல் தொற்றை அறுவை இல்லாமல் ஊசி மருந்தால் மட்டும் குணப்படுத்த முடியாதா?

சர்க்கரை நோயாளியான உங்கள் தந்தையின் காலில் நெக்ரோடைசிங் ஃபேஷியைட்டிஸ் என்னும் அழுகல் தொற்று பரவியிருப்பதாகவும், நேற்று அறுவை செய்தவர்களே இன்று மீண்டும் செய்ய வேண்டும் என்பதாகவும் எழுதி, மருந்திலேயே பார்க்கக் கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். பொது அறுவைச் சிகிச்சை மருத்துவனாகப் பல ஆண்டுகள் இந்நோயாளிகளைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முடியாது.

இந்தக் கிருமிகள் தோலுக்கும் தசைக்கும் இடையே உள்ள உறைப்படலத்தை ஒட்டிப் பரவுகின்றன. அவ்வழியே தோலுக்குச் செல்லும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் உறைந்து அடைபட்டுவிடுவதால், நரம்பில் ஏற்றும் மருந்து வேண்டிய இடத்தைச் சென்றடைவதே இல்லை. மேல்தோல் ஓரளவு நன்றாகத் தெரியும்போதே அடியில் எல்லாம் செத்திருக்கும். கீறிப் பார்த்தால் ரத்தம் கசியாது, கழுநீர் போன்ற கலங்கிய நீர் வரும், விரலை விட்டால் தடையின்றி உள்ளே போகும். உயிருள்ள, ரத்தம் கசியும் திசு எதிர்ப்படும் வரை வெட்டியே ஆக வேண்டும். எவ்வளவு தூரம் செத்திருக்கிறது என்பது முதல் நாளிலேயே முழுமையாகப் புலப்படாது என்பதால், ஏறத்தாழ 24 மணி நேரத்தில் மறுபடி திறந்து பார்ப்பது வழக்கமான நடைமுறை. முதல் அறுவை தவறிப்போனதன் அடையாளமாக அதைக் கருத வேண்டாம்.

பென்சிலின் புழக்கத்துக்கு வராத 1924-இலேயே, பெய்ஜிங்கில் பணியாற்றிய மெலனி என்ற மருத்துவர் இத்தகைய 20 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அறுவையையே நம்பிய அவர் ஐந்தில் நான்கு பேரைக் காப்பாற்றினார். இன்று எல்லா வசதிகளும் இருந்தும், தாமதமாக வருவோரிடம் அந்த அளவை எட்டுவதற்கே நாங்கள் போராடுகிறோம். முள் குத்திய காலோடு வந்த ஒருவரின் வீட்டார் ஓரிரவு அவகாசம் கேட்டார்கள். சிவப்பின் விளிம்பில் நான் பேனாவால் வரைந்த கோட்டை, விடிவதற்குள் அது நான்கு விரற்கடை தாண்டியிருந்தது. கடைசியில் முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று.

மருந்துகள் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. பலவகைக் கிருமிகளையும் எதிர்க்க பைப்பராசிலின்-டாசோபாக்டம் அல்லது மெரோபெனம், அதனுடன் வேன்கோமைசின் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே தருவோம். கிளின்டாமைசினைச் சேர்ப்பதற்குத் தனிக் காரணம் உண்டு: அது கிருமியின் புரத உற்பத்தியைத் தடுத்து, உடலைச் சீர்குலைக்கும் நச்சு உருவாவதையே குறைக்கிறது. ரத்த அழுத்தம் சரிந்தால் சலைனும் நார்அட்ரீனலினும், சர்க்கரைக்கு இன்சுலினும், சிறுநீரகம் தளர்ந்தால் டயாலிசிஸும் வேண்டியிருக்கும். இவை அறுவைக்குத் துணை நிற்பவை, அதற்கு மாற்று ஆகா. தந்தை டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் போன்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிட்டு வந்தால் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். பிறப்புறுப்பைச் சுற்றி வரும் இதே வகை அழுகலுக்கும் இம்மாத்திரைகளுக்கும் தொடர்பு இருப்பதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரித்தது.

உறவினர் சொன்னதாக நீங்கள் குறிப்பிட்ட இரண்டு சிகிச்சைகளில், இம்யூனோகுளோபுலின் என்னும் நோய் எதிர்ப்புப் புரத ஊசியை டென்மார்க்கில் 100 நோயாளிகளிடம் சோதித்து 2017-இல் வெளியிட்டபோது, ஆறு மாதத்துக்குப் பிந்தைய உடல் இயக்கத்தில் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. நோயாளியை மிகு அழுத்தத்தில் ஆக்சிஜன் சுவாசிக்க வைக்கும் அழுத்த ஆக்சிஜன் அறைக்கு உறுதியான சான்று இல்லை. அதற்காக நோயாளியை வேறு ஊருக்கு மாற்றி அறுவையைத் தள்ளிப்போடுவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

ஒரு நாள் மருத்துவர் வெளியே வந்து, "இன்று புதிதாக எதையும் எடுக்கவில்லை" என்பார். அதன் பிறகு புண்ணில் கசியும் நீரைக் கருவி மூலம் உறிஞ்சி எடுக்கும் வகை டிரஸ்ஸிங் வைத்து, செந்நிறத் தளிர்த்திசு படர்ந்ததும் தொடைத் தோலை மெல்லிதாகச் சீவி ஒட்டுவார்கள். அதுவரை முட்டை, மீன், பருப்பு என்று புரதம் குறையாமல் ஊட்டுங்கள். இத்தனை பெரிய புண்ணின் வழியே உடல் நாள்தோறும் புரதத்தை இழந்துகொண்டிருக்கும்.