பேட்மிண்டன் ஆடும் 12 வயது மகளுக்குக் கால் வேகம் கூட லைட் பாட் (தொட்டால் அணையும் சின்னப் பயிற்சி விளக்கு) வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் கோர்ட்டின் ஆறு மூலைகளிலும் (இருபுறமும் முன், நடு, பின்) தரையில் வைக்கத்தான் என்றால் வேண்டாம். விளம்பர வீடியோக்களில் அப்படித்தான் காட்டுகிறார்கள். விளக்கு எரிந்ததும் பிள்ளை ஓடிப்போய்த் தட்டி அணைக்கும், செயலி நேரத்தைக் காட்டும். ஆனால் ஆட்டத்தில் ஷட்டில் முதுகுக்குப் பின்னாலிருந்தா வருகிறது? பின்மூலையில் விளக்கு இருந்தால் பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்க்கப் பழகிவிடும்.

நான் சிறுவர்களுக்குப் பயிற்சி தரும்போது விளக்கை வலைக்கு அந்தப் பக்கம், எதிராளி நிற்கும் இடத்தில், நெஞ்சு உயரத்தில் வைக்கிறேன். நிறத்துக்கு ஒரு மூலை. சிவப்பு என்றால் வலப்பக்க வலையோரம், நீலம் என்றால் இடப்பக்கப் பின்மூலை. அங்கே போய் ஷேடோ அடித்து (ஷட்டில் இல்லாமல் அடிப்பதுபோல் ராக்கெட்டை வீசி) நடுவுக்குத் திரும்பிய பிறகே அடுத்த விளக்கு எரியும்படி இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். இப்படிச் செய்ய ஒன்றிரண்டு விளக்குகளே போதும், முழு செட் தேவையில்லை.

இதிலும் ஒரு குறை உண்டு. விளக்குக்குக் கை இல்லை. அபர்நெத்தி, ரஸ்ஸல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்த பேட்மிண்டன் வீரர்கள் எதிராளியின் ராக்கெட்டோடு கையின் அசைவையும் படித்து ஷட்டில் போகும் இடத்தைக் கணிக்கிறார்கள் என்றும், புதியவர்கள் ராக்கெட்டை மட்டுமே நம்புகிறார்கள் என்றும் கண்டார்கள். ஆகவே விளக்குப் பயிற்சி முடிந்த கையோடு ஒரு ஆளை எதிரே நிறுத்தி, டிராப்பும் (வலையோரம் விழும் அடி) கிளியரும் (பின்கோட்டுக்குப் போகும் உயர அடி) மாற்றி மாற்றி அடிக்கச் சொல்லுங்கள். இதை விட்டுவிட்டால் அவள் விளக்குக்குத்தான் வேகமாக ஓடுவாள்.

ஒற்றையரில் அவள் காக்க வேண்டிய பாதி 6.7 மீட்டர் நீளம், 5.18 மீட்டர் அகலம். நடுவிலிருந்து எந்த மூலையும் சில எட்டுதான். அதனால் முதல் எட்டு எப்போது கிளம்புகிறது என்பதே பெரிய விஷயம். அதைப் பார்க்க உங்கள் செல்போனே சிறந்த கருவி என்பேன். அவளுக்குப் பின்னால், எதிராளியின் ராக்கெட்டும் இவள் பாதங்களும் ஒன்றாகத் தெரியும்படி வைத்து, நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷனில் பதிவு செய்யுங்கள். எதிராளி அடிக்கும் தருணத்தை ஒட்டி ஸ்பிளிட் ஸ்டெப்பின் சின்னத் துள்ளல் முடிந்து கால்கள் தரையைத் தொட வேண்டும். அதற்கு வெகு முன்பே இறங்கி நின்றுவிட்டால் துள்ளியதன் பலன் போய்விடும். வாயால் எத்தனை முறை சொன்னாலும் ஏறாதது, தன் காலைத் தானே பார்த்ததும் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடுகிறது.

பயிற்சியை வார்ம் அப் முடிந்ததும், கால் களைக்கும் முன் வையுங்கள். 10 நொடி ஓட்டம், அரை நிமிடத்துக்குக் குறையாமல் ஓய்வு. களைத்த பிறகு ஓடினால் அது ஸ்டாமினாவுக்கான வேலை. அப்புறம், இது உயரம் கூடும் வயது. முழங்காலுக்குக் கீழே எலும்பு மேட்டில் வலி என்று சொன்னால் லஞ்ச் (ஒரு காலை நீட்டி முன்னால் ஊன்றி முழங்காலை மடக்குவது), குதிப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். சிமென்ட் தரையில் ஆடும் பிள்ளை என்றால் இன்னும் கவனம் வேண்டும்.