ஜெஃபிடினிப் 10 மாதத்தில் கேட்காமல் போனது ஏன்?

கேள்வி: தெல்லிப்பழையில் சிகிச்சை பெறும் அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய். ஜெஃபிடினிப் குளிசை 10 மாதம் நன்றாகக் கேட்டது. இப்போது ஸ்கானில் கட்டி மறுபடி வளர்ந்திருக்கிறது. வேறு கம்பனிக் குளிசை வாங்கட்டுமா?

வேண்டாம். பெரும்பாலும் மாறியிருப்பது கட்டிதான். இந்தக் குளிசை ஓராண்டையொட்டிக் கைவிடுவது வழமை.

கட்டியை வளரத் தூண்டும் ஈஜிஎஃப்ஆர் புரதத்தில், அது வேலை செய்யத் தேவையான ஏடிபி என்னும் மூலக்கூறு உட்காரும் பள்ளத்தை ஜெஃபிடினிப் அடைத்துக்கொள்கிறது. அங்கே 790ஆவது இடத்து அமினோ அமிலமான திரியோனைன், மெதியோனைன் என்ற வேறோர் அமினோ அமிலமாக மாறினால் பள்ளம் ஏடிபியை முன்னைவிட இறுக்கிப் பிடிக்கும், மருந்துக்கு இடமிராது. டி790எம் என்னும் இந்த விகாரம்தான் பாதிப் பேருக்காவது காரணம். அதற்கு ஒசிமெர்டினிப் இருக்கிறது, நாளுக்கு 80 மில்லிகிராம். அது 797ஆவது சிஸ்டீனோடு பிரியாத பிணைப்புப் போடும். பின்னாளில் அந்தச் சிஸ்டீன் செரீனாக மாறினால் அதுவும் வழுக்கிவிடும்.

மற்றவர்களில் சிலருக்கு மெட் என்னும் வேறொரு பரம்பரையலகு பெருகியிருக்கும். சிலருக்குக் கட்டியே சிறுகலப் புற்று என்ற வேறு வகையாக உருமாறியிருக்கும், அதற்குக் கீமோதான். ஆகவே காரணம் தெரியாமல் மருந்தை மாற்றக் கூடாது.

முதலில் அம்மா காஸ்ட்ரிக்குக்கு ஒமிபிரசோல் எடுக்கிறாவா என்று பாருங்கள். அமிலம் குறைந்தால் ஜெஃபிடினிப் சரியாக உறிஞ்சப்படாது.

அடுத்தது இரத்தப் பரிசோதனை. கட்டியிலிருந்து இரத்தத்தில் கசியும் டிஎன்ஏயில் டி790எம் இருக்கிறதா என்று தேடுவதுதான் இது. சாதாரண ஈடிடிஏ குழாயில் எடுத்தால் சில மணித்தியாலங்களுக்குள் பிளாஸ்மாவைப் பிரித்தாக வேண்டும். அப்படியே இரவு பஸ்ஸில் கொழும்புக்கு அனுப்பினால், வெண்குழியங்கள் உடைந்து அவற்றின் டிஎன்ஏ கட்டியின் துளி டிஎன்ஏயை மூழ்கடித்துவிடும். வெண்குழியம் உடையாமல் காக்கும் தனிக் குழாய் கேளுங்கள். அது அறை வெப்பநிலையில் பல நாள் தாங்கும், ஐஸில் வைக்கக் கூடாது.

டி790எம் இரத்தத்தில் இல்லை என்று வந்தால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். கட்டியில் அது உள்ளவர்களில் 10 பேருக்கு 3 பேரளவில் இரத்தம் காட்டாது. கட்டியில் ஒரு துண்டு எடுத்துச் சோதிக்கும் பயொப்சிதான் தீர்ப்புச் சொல்லும். சிறுகல உருமாற்றமும் அதில்தான் தெரியும். எலும்பில் எடுத்தால், சுண்ணத்தை நீக்கக் கடும் அமிலம் பாவிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அமிலம் டிஎன்ஏயைச் சிதைத்துவிடும்.

முடிவு வரும்வரை வைத்தியர் சொல்லாமல் ஜெஃபிடினிப்பை நிறுத்தாதீர்கள். நிறுத்திய சில நாட்களிலேயே சிலருக்கு நோய் சீறிக்கொண்டு வளரும். புதிதாகத் தலையிடி, வாந்தி, கைகால் சோர்வு வந்தால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். ஜெஃபிடினிப் மூளைக்குள் போவது குறைவு, நோய் அங்கே பரவியிருக்கலாம்.