ஊர்வன இல்லை, பங்காளி

கேள்வி: டைனோசர்களுக்கு முன்பே, வாள் மாதிரி பல் வைத்த இனோஸ்ட்ரான்செவியா என்ற ஊர்வன ரஷ்யாவில் வேட்டையாடியதாமே? சிங்கத்தோடு மோதினால் எது ஜெயிக்கும்?
(ஒரு கல்லூரி மாணவர், தேனி)

பதில்: சண்டை கிடக்கட்டும். முதலில் அந்த 'ஊர்வன'வை எடுத்துவிடுங்கள். இந்த ஒரு சொல்லுக்காக இதே பக்கத்தில் எத்தனை முறை மல்லுக்கு நின்றிருக்கிறேன்!

நெற்றிப்பொட்டில் விரலை வைத்துப் பல்லைக் கடியுங்கள். ஒரு தசை புடைக்கிறதா? கண்ணுக்குப் பின்னால் மண்டையோட்டில் உள்ள ஓர் இடைவெளி வழியாக அது தாடைக்கு இறங்குகிறது. பக்கத்துக்கு ஒன்றுதான். இனோஸ்ட்ரான்செவியாவுக்கும் அப்படியே. முதலைக்குப் பக்கத்துக்கு இரண்டு. முதலை வம்சமும் நம் வம்சமும் பிரிந்து சுமார் 32 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இனோஸ்ட்ரான்செவியா நம் பக்கத்து ஆள். முன்பல், கோரைப்பல், பின்பல் என்று வேலை பிரித்துக்கொண்ட வாய். இரண்டடி மண்டையோட்டில் 12 செ.மீ.க்கும் மேல் நீண்ட கோரை. பின்கால்களை ஓரளவு உடலுக்கு அடியில் ஊன்றி நடக்கக்கூடியது. இதைப் போய் ஊர்வன என்றால் எப்படி?

அதற்காக நேர்ப் பாட்டனாக்கிவிடவும் கூடாது. பாலூட்டிகள் வந்தது சைனோடான்ட் என்ற வேறு கிளையில். இது கோர்கோனாப்சியன் கிளை. பங்காளி முறை. 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், சைபீரியாவில் எரிமலைக் குழம்பு பொங்கிய அந்தப் பேரழிவில் வாரிசில்லாமல் போன பங்காளி.

இதைக் கண்டெடுத்தவர் விளாதிமிர் அமலித்ஸ்கி. மனைவி அன்னாவோடு வடரஷ்ய ஆறுகளில் படகில் கோடை கோடையாகத் தேடியவர். வடக்கு துவினா ஆற்றங்கரையில் உருண்டை உருண்டையாகக் கற்கள். உள்ளூர் மக்கள் அவற்றை உடைத்துச் சாலைக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே எலும்பு! 1899-இல் அங்கே தோண்டத் தொடங்கினார். 1917-இல் இறந்துபோனார், இந்த விலங்கைப் பற்றிய அவருடைய விவரிப்பு அச்சாகி வந்தது 1922-இல். அந்த ஐந்து வருஷத்தை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறுவதில்லை.

ரஷ்யாவோடும் கதை முடியவில்லை. தென்னாப்பிரிக்காவின் கரூ படுகையில் கிடைத்த எலும்புகளும் இதே பேரினம்தான் என்று 2023-இல் அறிவித்தார்கள். அங்கிருந்த பெரிய வேட்டையாடிகள் அழிந்ததும் காலி இடத்தைப் பிடிக்க வந்திருக்கிறது. கண்டங்கள் ஒட்டியிருந்த காலம், நடந்தே வந்திருக்கலாம். ஆனால் அந்த நாற்காலியில் அதுவும் நிலைக்கவில்லை. இருபது லட்சம் ஆண்டுகளுக்குள் அங்கே தலைமை வேட்டையாடி நான்கு முறை மாறியிருக்கிறது.

போன மாதம் பேரனுக்கு ஒரு டைனோசர் பொம்மைப் பெட்டி வாங்கினேன். உள்ளே, முதுகில் பாய் விரித்த டிமெட்ரோடான்! முதல் டைனோசர் பிறப்பதற்கு மூன்று, நான்கு கோடி ஆண்டுகளுக்கு முன்பே மறைந்த விலங்கு. அதுவும் நம் பக்கத்து ஆள்தான். அதை மட்டும் எடுத்து அலமாரியில் யானைக்கும் நாய்க்கும் நடுவே வைத்தேன். "ஏன் தாத்தா?" என்றான். நெற்றிப்பொட்டில் விரலை வைத்துப் பல்லைக் கடிக்கச் சொன்னேன்.