பாம்பன் ஜங்ஷன்

கேள்வி: என் மாமனார் இன்னமும் 'பாம்பன் ஜங்ஷன்' என்றே சொல்கிறார். ராமேஸ்வரம் போகிற ஒரே பாதையில் இருக்கும் சின்ன ஸ்டேஷன்தானே அது? 1964 புயலில் கடல் கொண்டுபோன ரயிலும் ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்குப் போனதுதானே? அவரைத் திருத்தலாமா?

பதில்: வேண்டாம். அவர் சொல்வதுதான் சரி. அந்த ரயில் ராமேஸ்வரம் பக்கமே போகவில்லை. அது பாம்பனில் கிளம்பிய 653-ஆம் எண் பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர்.

1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் மீட்டர் கேஜ் பாதை கடலைத் தாண்டி பாம்பனுக்கு வந்தது. அங்கே இரண்டாகப் பிரிந்தது. ஒன்று ராமேஸ்வரத்துக்கு, சுமார் 10 கிலோமீட்டர். இன்னொன்று நேரே தனுஷ்கோடிக்கு, சுமார் 24 கிலோமீட்டர். இந்த இரண்டில் இலங்கைக் கப்பலுக்குக் கொண்டுபோன பாதை தனுஷ்கோடியுடையதுதான். அதற்கு முன்பு கொழும்பு போகிறவர்கள் தூத்துக்குடியில் கப்பல் ஏறுவார்கள். பாலம் வந்த பிறகு, சென்னையில் போட் மெயிலில் உட்கார்ந்தால் தனுஷ்கோடி வரை ரயில், அப்புறம் சுமார் 35 கிலோமீட்டர் கடல், இலங்கைக் கரையில் தலைமன்னாரில் இறங்கினால் மறுபடி ரயில். மண்டபம் முகாமில் சோதனை முடித்துக்கொண்டு தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் குடும்பங்களும் பாம்பனைக் கடந்துதான் போயின. இந்த ஊரின் பெயர் அவர்கள் வீடுகளில் இன்னும் புழங்குவதற்கு அது ஒரு காரணம்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவுக்குச் சற்று முன் 653 பாம்பனை விட்டது. தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் எரியவில்லை. வண்டி இருட்டில் நின்றது. டிரைவர் நீளமாக விசில் கொடுத்துப் பார்த்துவிட்டு, மழையிலும் காற்றிலும் மெல்ல நகர்த்தினார் என்பார்கள். அப்போதுதான் அலை வந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அவர்கள் ஏறிய இடத்தையாவது நாம் சரியாகச் சொல்ல வேண்டாமா?

அதே புயலில் பாம்பன் பாலமும் சிதைந்தது. அதை ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் நிமிர்த்திவிட்டார்கள். தனுஷ்கோடிப் பாதையை மட்டும் திரும்பப் போடவில்லை. ஊரே வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்துவிட்ட பிறகு யாருக்காகப் போடுவது? போட் மெயில் ராமேஸ்வரத்தோடு நின்றது. பிரிய இன்னொரு பாதை இல்லாததால் பாம்பன் ஜங்ஷனாக இருப்பதும் முடிந்தது.

தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் இடிந்த ஸ்டேஷன் சுவரைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். வழியில் பாம்பனில் யாரும் இறங்கிப் பார்ப்பதில்லை. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம். அடுத்த முறை மாமனாரையும் கூட்டிக்கொண்டு போய், தனுஷ்கோடி வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்று அவரைக் காட்டச் சொல்லுங்கள்.

2019-இல் தனுஷ்கோடிக்குப் புதுப் பாதை போட அடிக்கல் நாட்டினார்கள். சுமார் 17 கிலோமீட்டர். ஆனால் அது ராமேஸ்வரத்திலிருந்து கிளம்புவதாகத்தான் திட்டம் இருந்தது; பாம்பனிலிருந்து அல்ல.