பிராசசரா, கூலரா?

கேள்வி: தர்மபுரியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ரைசன் 5 2600, பி450 போர்டு. கல்யாண வீடியோ எக்ஸ்போர்ட் முன்பைவிட இழுக்கிறது. பிராசசரை மாற்றலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அதே வேலை இப்போது இழுக்கிறது என்றால் முதல் சந்தேகம் சூட்டின் மேல்தான். சூட்டையும் வேகத்தையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்துவைத்து அரைமணி நேரம் எக்ஸ்போர்ட் ஓடவிடுங்கள். இந்தச் சிப்பின் வரம்பு 95 டிகிரி. அதை நெருங்கும்போது வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் கோளாறு பிராசசரின் சூட்டைத் தணிக்கும் கூலரில். தூசி தட்டி, கூலருக்கும் பிராசசருக்கும் நடுவே பூசிய பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்து, பட்டாணி அளவு புதிது வையுங்கள். கூலரை நேராக இழுக்காதீர்கள். காய்ந்த பேஸ்ட் பிராசசரையும் சேர்த்துப் பிடுங்கிவிடும், பின்கள் வளையும். சிறிது நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஸ்குரூ கழற்றியபின் இடம்வலமாகத் திருகி எடுங்கள்.

75 டிகிரியிலேயே நின்று, ஆறு கோரும் முழுதாக ஓடினால் பிராசசர்தான் போதவில்லை. உங்கள் போர்டு எந்தெந்தப் பிராசசரை ஏற்கும் என்ற நிறுவனத்தின் பட்டியலைப் பார்த்து ரைசன் 7 5700எக்ஸ் போடலாம். பழைய பிராசசர் இருக்கும்போதே போர்டைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பயாஸைப் புதுப்பியுங்கள், அதுவும் யுபிஎஸ்ஸில்; நடுவில் கரண்ட் போனால் போர்டே முடங்கலாம். 5700எக்ஸ் பெட்டியில் கூலர் வராது. கேபினட்டின் உள்ளகலத்தை அளந்துகொண்டு, அதற்குள் அடங்கும் உயரத்தில் 120 மி.மீ. விசிறி வைத்த டவர் கூலர் வாங்குங்கள்.