ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜின் போய்க்கொண்டிருக்கிறது, சேமிப்பைத் தொடலாமா?

கேள்வி: 2006-ஆம் ஆண்டு மஸ்தா ஆர்எக்ஸ்-8 ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இப்போது இன்ஜின் சூடாக இருக்கும்போது அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆவதில்லை, ஆறிய பிறகுதான் ஆகிறது. இன்ஜின் போய்விட்டது, இறக்கி வேலை பார்க்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். அவர் சொல்லும் தொகை கிட்டத்தட்ட நான் கார் வாங்கிய விலை. கையில் இருப்பது நாலு மாத வீட்டுச் செலவுக்கான சேமிப்பு மட்டும். பர்சனல் லோன் போடலாமா? மைத்துனர் பழைய இன்ஜின் ஒன்றை வாங்கி மாட்டச் சொல்கிறார். வேலைக்குப் போக வேறு வண்டி இருக்கிறது.

பதில்: உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்தது கடைசி வரிதான். வேலைக்குப் போக வேறு வண்டி இருக்கிறதென்றால் அவசரமே இல்லை, அவசரம் இல்லாதவர் கடன் வாங்கத் தேவையில்லை. ஆகவே லோன் வேண்டாம். நாளைக்கு இன்ஜின் திரும்பப் படுத்தால், வண்டி நின்ற பிறகும் தவணை ஓடிக்கொண்டிருக்கும். நாலு மாதச் சேமிப்பையும் தொடாதீர்கள், அது வேலை போனால், உடம்புக்கு வந்தால் எடுப்பதற்கு.

சரி, பிறகு என்னதான் செய்வது? முதலில் இன்ஜின் நிஜமாகவே போய்விட்டதா என்று பாருங்கள். உங்கள் காரில் இருப்பது ரோட்டரி இன்ஜின், மேலும் கீழும் போகும் பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் என்ற முக்கோணத் துண்டு சுழல்வது. சூட்டில் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிப்பது இந்த வகை இன்ஜினில் கம்ப்ரஷன் (உள்ளே காற்றும் பெட்ரோலும் அழுத்தப்படும் அளவு) குறைந்ததற்கான பிரபலமான அறிகுறிதான், மறுக்கவில்லை. ஆனால் ஸ்டார்டர் மோட்டார் தளர்ந்து மெதுவாகச் சுற்றினாலும், இக்னிஷன் காயிலோ ஸ்பார்க் பிளக்கோ தேய்ந்திருந்தாலும் ஸ்டார்ட் ஆவது சிரமம்தான், அவற்றை மாற்றும் செலவு இன்ஜினை இறக்கும் செலவில் ஒரு சின்னப் பங்கு. கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்காமல், சத்தத்தை மட்டும் கேட்டு "இன்ஜின் அவுட்" என்று சொல்லியிருந்தால் அதை நம்பி ஒரு பைசா செலவு செய்யாதீர்கள்.

அந்த டெஸ்டும் ரோட்டரிக்கென்றே உள்ள கருவியில் எடுத்ததாக இருக்கவேண்டும். உங்கள் இன்ஜினில் 2 ரோட்டர், ஒவ்வொன்றுக்கும் 3 முகம், ஆக 6 எண்கள் வரவேண்டும். சாதாரண பிஸ்டன் இன்ஜின் கேஜை மாட்டினால் அது மூன்று முகங்களில் எது அதிகமோ அதை மட்டும் பிடித்து வைத்துக் காட்டும், ரோட்டரின் ஒரு முனையில் கசிவைத் தடுக்கும் அபெக்ஸ் சீல் தேய்ந்திருந்தாலும் தெரியாது. இன்ஜின் சூடாக இருக்கும்போது எடுக்கச் சொல்லுங்கள், ஸ்டார்டர் எத்தனை ஆர்பிஎம்மில் சுற்றியது என்பதையும் எழுதி வாங்குங்கள். வேகம் குறைந்தால் எண்ணும் குறையும் என்பதால் 250 ஆர்பிஎம்முக்குத் திருத்திப் பார்ப்பதுதான் வழக்கம்.

எண்கள் மோசமாகவே வந்தால் கணக்குக்கு வருவோம். வாங்கிய விலையை மறந்துவிடுங்கள், அந்தப் பணம் போய்விட்டது. பார்க்கவேண்டியது மூன்றே தொகை: இப்படியே விற்றால் என்ன கிடைக்கும், ஓடுகிற நிலையில் விற்றால் என்ன கிடைக்கும், இன்ஜின் வேலைக்கு எவ்வளவு ஆகும். பேச்சுக்கு ஓடும் காரின் விலை 100, இப்படியே விற்றால் 40, வேலைக்கு 90 என்று வையுங்கள். 90 போட்டு வண்டியின் விலையில் 60 ஏற்றுகிறீர்கள், மீதி 30 அந்த வண்டியை ஓட்டும் சந்தோஷத்துக்கு. அந்த 30 கொடுக்கலாம், தப்பே இல்லை, சினிமாவுக்கும் சுற்றுலாவுக்கும் கொடுப்பதில்லையா? ஆனால் அதை "முதலீடு" என்று வீட்டில் சொல்லாதீர்கள். அப்புறம், மெக்கானிக் சொன்ன தொகையோடு இன்னொரு கால் பங்கைச் சேர்த்தே திட்டமிடுங்கள். இன்ஜினைப் பிரித்த பிறகுதான் ஹவுசிங்கில், அதாவது ரோட்டர் சுழலும் கூட்டில், கீறல் இருப்பது தெரியும், அந்த வயது வண்டியில் கிளட்ச், ரேடியேட்டர், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் எல்லாம் அப்போதே கை நீட்டும்.

மைத்துனர் யோசனை கேட்க மலிவு. ஆனால் அந்த இன்ஜினும் ஏறக்குறைய இதே வயதுடையது, இதே சீல்கள்தான் அதிலும் தேய்ந்திருக்கும். சீக்கிரம் படுத்துவிட்டால் இறக்கி ஏற்றும் கூலியை இரண்டு முறை கொடுப்பீர்கள். அதே 6 எண்களும் எழுத்தில் உத்தரவாதமும் தருகிறவரிடம் மட்டும் வாங்கலாம், வாய்மொழியாக "நல்லா ஓடுச்சு சார்" என்பவரிடம் வேண்டாம்.

நானாக இருந்தால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, தனிக் கணக்கு ஒன்றில் மாதம் ஒரு தொகை போடுவேன், ஒரு வருடக் கெடு. வீட்டுச் செலவைக் குறைக்காமல், இருக்கும் சேமிப்பையும் தொடாமல் அந்தக் கெடுவுக்குள் தொகை சேர்ந்தால் வேலை பார்க்கலாம், பாதிகூட வரவில்லையென்றால் விற்றுவிடலாம். நிறுத்தி வைப்பதற்கும் இன்சூரன்ஸ், இடம், பேட்டரி என்று செலவு உண்டு, அதையும் கணக்கில் எழுதுங்கள். அதுவரை திக்கித் திணறும் இன்ஜினை "பரவாயில்லை, கொஞ்ச தூரம்தானே" என்று ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையும் கெடுத்துவிடும்.

விற்பதென்று முடிவானால் குறையை மறைக்காமல் அந்த டெஸ்ட் தாளையே விளம்பரத்தில் போடுங்கள். ரோட்டரி பைத்தியங்கள் இருக்கிறார்கள், சொந்தமாகவே இன்ஜின் பிரிப்பவர்கள். எண் தெரிந்த வண்டிக்கு அவர்கள் நியாயமான விலை கேட்பார்கள், தெரியாத வண்டிக்கு இரும்பு விலைதான்.