கேள்வி-பதில்: கையில் ஒரு பிரஷர், இதயத்தருகே ஒரு பிரஷரா?

*வயது 19, வியாசர்பாடி. ஃபுட்பால் ஆடுவேன். கையில் 142/74. மணிக்கட்டு நாடியை வைத்துக் கணித்த மையப் பிரஷரோ (இதயத்தருகே பெருந்தமனியில் உள்ள பிரஷர்) 124. எது பொய்?*

எதுவும் பொய்யில்லை, தம்பி. பெருந்தமனியில் கிளம்பும் நாடி அலை கைக்கு வருவதற்குள் உச்சி உயரும். இளம் தமனிகளில் மேல் எண் 10, 20 கூடுவது சகஜம். கீழ் எண் பெரிதாக மாறாது. அதற்காக 142-ஐ அலட்சியப்படுத்த வேண்டாம். மேற்கையில் கஃப் (காற்றடைக்கும் பட்டை) கட்டி ஒரு வாரம் வீட்டில் அளந்து, டாக்டரிடம் காட்டுங்கள்.

*எனக்கு 70. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வருகிறது. மிஷின் பழுதா?*

இல்லை. வயதாகித் தமனி இறுகினால், உடலின் கீழ்ப்பகுதியில் பட்டுத் திரும்பும் எதிரலை சீக்கிரமே வந்து, மைய உச்சியையும் ஏற்றிவிடும். வித்தியாசம் சுருங்கும்.

*காசிமேடு. கேம்ப்பில் மையப் பிரஷர் 138 என்றார்கள். மிஷின் நாடியைத்தானே படிக்கிறது, கஃப் எப்படிக் கட்டினால் என்ன?*

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். மணிக்கட்டில் பேனா மாதிரி வைத்து அழுத்துகிறார்களே, அதில் கிடைப்பது அலையின் வடிவம் மட்டும். எண் கிடையாது. எண்ணை ஊட்டுவது மேற்கையில் கட்டும் கஃப். அதன் பிறகுதான் பொதுவான ஒரு சூத்திரம் போட்டு மையப் பிரஷரைக் கணிக்கிறது மிஷின். படிக்கல்லே தப்பென்றால் தராசு என்ன செய்யும்? கேம்ப்புகளில் நான் பார்ப்பது: மாடி ஏறி வந்த கையோடு உட்கார வைத்து, சட்டை மேலேயே கஃப் சுற்றி, "சாப்டீங்களா?" என்று கேட்டபடி அளக்கிறார்கள். பருத்த கைக்குச் சின்னக் கஃப் போட்டால் 10-க்கு மேலும் கூடக் காட்டும். அந்தத் தப்பு அப்படியே மையக் கணக்கில் ஏறி, கலர் பிரிண்டில் வெளிவருகிறது! இன்னொன்று: சில கருவிகள் மேல், கீழ் எண்களை வைத்துக் கணிக்கும், சில சராசரி, கீழ் எண்களை வைத்து. ஒரு மிஷின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடாதீர்கள். 5 நிமிடம் முதுகு சாய்த்து, கால் தரையில் ஊன்றி, வாய் திறக்காமல் உட்காருங்கள். கஃப் முதலில். பிறகு மற்றதெல்லாம்.

*அட்டெனலால் என்ற பிரஷர் மாத்திரை மையப் பிரஷரைச் சரியாகக் குறைக்காதாமே? நிறுத்திவிடலாமா?*

வயது எழுதவில்லை, எதற்காகக் கொடுத்தார்கள் என்றும் எழுதவில்லை. எனக்கு ஜோசியம் தெரியாது. 2006-இல் வந்த 'கேஃப்' ஆய்வில் ஒரு தரப்புக்கு முதன்மையாக அட்டெனலால், மறுதரப்புக்கு அம்லோடிபின் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரை. கைப் பிரஷர் இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அம்லோடிபின் தரப்பில் மைய மேல் எண் சுமார் 4 குறைவு. அது உண்மை. ஆனால் அட்டெனலாலைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலி வரலாம். டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

*நாடி தப்பித் தப்பி அடிக்கிறது. இந்த டெஸ்ட் எடுக்கலாமா?*

முதலில் ஈ.சி.ஜி.

*கைக்கடிகாரம் காட்டும் பிரஷரை நம்பலாமா?*

கஃப் வைத்துச் சரிபார்க்காத எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.